போன் கொம்பனிகளின் பேட்டன்ட் சண்டை: வேலியா, வழிமறிப்பா?

போன் வைத்தியர்

நேற்று மத்தியானம் கடையில் நடந்த வாக்குவாதத்தை இங்கே கொண்டுவருகிறேன். எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

டிஸ்பிளே உடைந்து வந்த மூன்று போன்கள் மேசையில் கிடந்தன. மூன்றும் வேறு வேறு கொம்பனி. கவரைக் கழற்றி முகத்தை மட்டும் காட்டினால் எது தன்னுடையது என்று சொந்தக்காரருக்கே தெரியாது. மழைக்கு ஒதுங்கிய தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று அடித்த கொப்பிதானே, பிறகு பேட்டன்ட் என்று ஒன்று எதற்கு?" என்றார். பக்கத்தில் நின்ற ஐயா விடவில்லை. "பேட்டன்ட் இல்லாவிட்டால் முதலாவது போனையே ஒருவனும் செய்திருக்க மாட்டான்" என்றார். மழை விட்டது, அவர்கள் விடவில்லை.

எனக்கு 2012 ஆகஸ்ட் ஞாபகம் வந்தது. அப்போது என்.சி. வீதியில் கடை தொடங்கிக் கொஞ்சக் காலம். அப்பிளின் பேட்டன்ட்களை மீறியதற்காகச் சம்சுங் அப்பிளுக்கு 1.05 பில்லியன் டொலர் கட்ட வேண்டும் என்று கலிபோர்னியாவில் ஜூரி சொன்ன செய்தி பேப்பரில் வந்தது. "சம்சுங்கின் கதை முடிந்தது" என்றுதான் கடையில் எல்லோரும் பேசிக்கொண்டோம். இன்று என் மேசைக்கு வருகிறவற்றில் பாதி சம்சுங். அப்படியென்றால் அந்த வழக்கு எதைக் காப்பாற்றியது, எதைத் தடுத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்

மூலையை வளைத்ததற்குத்தானே அண்ணை அந்தக் காசு? எங்கள் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்துக்கும் மூலை வளைவுதான். தயவுசெய்து கலிபோர்னியாவுக்கு யாரும் அறிவித்துவிடாதீர்கள்.

சட்டப்புத்தகம்

சிரிப்புக்குச் சரி, ஆனால் "மூலையை வளைத்ததற்கு" என்று சொல்லி அந்த வழக்கை முடித்துவிட முடியாது. அதில் இரண்டு வகை உரிமை இருந்தது. ஒன்று வேலை செய்யும் விதத்துக்கான காப்புரிமை (பேட்டன்ட்): பக்கத்தின் விளிம்பு வந்ததும் திரை ரப்பர்போல இழுபட்டுத் திரும்புவது, தொட்டது ஒரு விரலா இரண்டு விரலா என்று பிரித்தறிவது, தட்டினால் அந்தப் பகுதி பெரிதாவது. மற்றது தோற்றத்துக்கானது: முன்முகம், விளிம்பு, ஐகன்களை அடுக்கிய விதம். நாங்கள் இங்கே அதைக் கைத்தொழில் வடிவமைப்பு என்று தனியாகப் பதிவோம். அமெரிக்காவில் அதுவும் காப்புரிமையில் ஒரு வகை.

வழக்குப் போட்டது 2011 ஏப்ரல். ஜூரி சொன்ன தொகை பிறகு குறைந்தது, மேன்முறையீடு போனது, 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்வரை ஏறியது. தோற்றத்தைத் திருடினால் முழுப் போனின் லாபத்தையும் கொடுக்க வேண்டுமா, அந்த ஒரு பாகத்துக்கு உரியதை மட்டும் கொடுத்தால் போதுமா என்பதுதான் அங்கே கேள்வி. பாகத்துக்கு மட்டுமாகவும் இருக்கலாம் என்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2018 மே மாதம் இன்னொரு ஜூரி 539 மில்லியன் டொலர் என்றது. அடுத்த மாதம் இரண்டு கொம்பனிகளும் சமாதானமாகிவிட்டன.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று. அந்த 539 மில்லியனில் ஏறக்குறைய 533 மில்லியன் தோற்றத்துக்கு. வேலை செய்யும் விதத்துக்குக் கிடைத்தது 5 மில்லியன் சொச்சம். என்ஜினியர்மார் மூளையைக் கசக்கியதைவிட முகவெட்டுக்கு நூறு மடங்கு விலை! "பேட்டன்ட் கண்டுபிடிப்பைக் காக்கிறது" என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

அண்ணை கேட்டதற்கு நேரான பதில்: தீர்ப்பு வந்தபோது வழக்கில் இருந்த மொடல்கள் பெரும்பாலும் கடையில் இல்லை. அவை விற்று முடிந்து அடுத்த பரம்பரை வந்துவிட்டது. அதனால் அந்த வழக்கு சம்சுங்கைத் தடுக்கவும் இல்லை, அப்பிளைப் பெரிதாகக் காக்கவும் இல்லை. அந்த ஏழு வருடமும் அப்பிள் போனுக்குள் சம்சுங் செய்த பாகங்கள் இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் சண்டை, பக்டரியில் சம்பந்தம்.

போன் வைத்தியர்

அது உண்மை. திறந்து பார்க்கிறவன் நான்தானே.

சீனக்குடாக் காற்று

தங்கச்சி சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் மூலை வளைவிலும் திரைப் பூட்டிலும் போய் நிற்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். போனின் பெறுமதி முகத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது.

நான் கோபுரங்களில் ஏறி அன்டெனா பூட்டிய ஆள். உவர்மலையில் நின்று மூதூரில் உள்ள அக்காவுடன் வீடியோவில் பேசுகிறீர்கள். நடுவில் கொட்டியாரக் குடா கிடக்கிறது. சத்தம் உடையாமல், படம் நிற்காமல், ஒரே அலைவரிசையில் நூறு பேர் பேசும்போது உங்கள் பேச்சு மட்டும் அக்காவுக்குப் போய்ச் சேருகிறது. இதற்குப் பின்னால் இருக்கிற கணக்கைக் கண்டுபிடிக்க எரிக்சன், நொக்கியா, குவல்கொம், ஹுவாவி போன்றவை வருடக்கணக்காக ஆராய்ச்சிக்குக் காசு கொட்டின. கண்டுபிடித்ததைப் பூட்டியும் வைக்கவில்லை. பொதுத் தராதரத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் படித்து அதன்படி போன் செய்யலாம். பதிலுக்கு நியாயமான, பாரபட்சமில்லாத கட்டணத்தில் எல்லோருக்கும் அனுமதி தருவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கட்டணம் எவ்வளவு? ஐந்தாம் தலைமுறைப் போன் ஒன்றுக்கு எரிக்சன் 2017-இல் அறிவித்தது 5 டொலர், மலிவுப் போனுக்கு 2.50 வரை குறையும். நொக்கியா கூடினால் 3 யூரோ என்றது. ஹுவாவி 2021-இல் கூடினால் 2.50 டொலர் என்றது. இந்தக் காசு இல்லாவிட்டால் போனே செய்யாத ஒரு ஆராய்ச்சிக் கூட்டம் எப்படிப் பிழைக்கும்?

இன்னொரு உதாரணம் வைஃபை. அவுஸ்திரேலியாவின் அரச ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ. அங்கே வானொலி வானியல் செய்தவர்கள் விண்வெளியிலிருந்து வரும் கலங்கிய சைகைகளைத் தெளிவாக்கப் பழகியவர்கள். அந்த அறிவை வைத்து, அறைக்குள் சுவரில் பட்டுத் தெறித்து ஒன்றோடொன்று மோதும் சைகைகளைப் பிரித்தெடுக்கும் முறையை 90-களின் தொடக்கத்தில் பதிந்தார்கள். பெரிய கொம்பனிகள் சும்மா பாவித்தன. வழக்குப் போட்டு 400 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் வாங்கினார்கள். காப்புரிமை இல்லையென்றால் அந்த ஆட்களுக்கு ஒரு நன்றிக் கடிதமாவது வந்திருக்குமா?

கிண்ணியாப் பாலம்

காற்றுத் தம்பி, உங்கள் கட்டணக் கணக்கை ஒரு வியாபாரி போட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். 1000 டொலர் போனுக்கு 5 டொலர் என்றால் நூற்றுக்கு அரை. 100 டொலர் போனுக்கு 2.50 என்றால் நூற்றுக்கு இரண்டரை. குறைத்துக் கொடுத்தாலும் ஏழையின் போனில்தான் பாரம் ஐந்து மடங்கு. அது ஒரு கொம்பனிக்கு மட்டும். நீங்கள் சொன்ன மூன்றையும் கூட்டி, குவல்கொம்மையும் கூட்டி, படம், பாட்டு, வைஃபை என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டிப் பாருங்கள். நான் விற்பது அதிகமும் மலிவுப் போன். கிண்ணியாவில் ஒரு மீனவர் வாங்கும் போனில் எனக்குக் கிடைக்கும் லாபத்தைவிட, அவர் பெயரே கேள்விப்படாத கொம்பனிகளுக்குப் போவது கூட.

போனுக்குச் சிப் செய்கிற குவல்கொம்மின் கதை தெரியும்தானே? சிப் வேண்டுமென்றால் முதலில் காப்புரிமைக்குக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் சிப் இல்லை. கட்டணமும் சிப்பின் விலைக்கு இல்லை, முழுப் போனின் விலைக்கு. நல்ல கெமரா போட்டு விலையைக் கூட்டினால் கெமராவுக்கும் அவர்களுக்குப் பங்கு. தென்கொரியா 2016-இல் ஒரு ட்ரில்லியன் வொன்னுக்கு மேல் தண்டம் போட்டது. அமெரிக்காவில் 2019 மே மாதம் நீதிபதி இது போட்டியை நெரிக்கிறது என்றார், 2020 ஆகஸ்டில் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஒரே நடத்தை, கடலுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் கெட்டித்தனம்.

இன்னும் ஒன்று. 2014 டிசம்பரில் எரிக்சன் போட்ட வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் ஷியாமி போன் விற்பதை இந்தியாவில் நிறுத்தியது. ஒரு வாரம் கழித்து, குவல்கொம் சிப் உள்ள மொடல்களை மட்டும் விற்கலாம் என்றது. 2022-இல் ஜெர்மனியில் நொக்கியா வழக்கில் வென்றது. ஒப்போவும் வன்பிளஸும் அங்கே விற்பதையே நிறுத்தின. 2024 ஜனவரியில்தான் இணங்கிப் போனார்கள். ஒன்றரை வருடம்! பெரிய கொம்பனி தாங்கும். சின்னக் கொம்பனி ஒன்றரை மாதம் தாங்காது.

சீனக்குடாக் காற்று

நானா, கட்டணம் கட்டாமல் வருடக்கணக்காக விற்றால் வழக்கு வரத்தானே செய்யும்? கடை வாடகை கொடுக்காதவனைச் சாவியை வை என்று சொன்னால் அது அநியாயமா?

கிண்ணியாப் பாலம்

வாடகை என்றால் எவ்வளவு என்று முதலே தெரியும். பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்றும் விசாரிக்கலாம். இங்கே அறிவித்த விலை ஒன்று, உள்ளே பேசிய விலை ஒன்று. பெரிய ஆட்கள் தங்களுக்குள் "உன் காப்புரிமையை நான் பாவிக்கிறேன், என்னுடையதை நீ பாவி" என்று மாற்றிக்கொள்வார்கள், காசு கைமாறுவது கொஞ்சம். மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாதவன் முழுக் காசும் கட்டுவான். அதை வாடகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை தம்பி.

உவர்மலை மான்

பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் புதுச் சண்டை என்று நினைக்கிறீர்கள், இருநூற்றைம்பது வருடப் பழசு.

ஜேம்ஸ் வொட் 1769-இல் நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். பாராளுமன்றத்தைப் பிடித்து 1800 வரை நீடித்துக்கொண்டார். ஹோர்ன்புளோவர் என்றொருவர் இரண்டு உருளை வைத்து நல்ல இயந்திரம் செய்தபோது அந்தக் காப்புரிமை குறுக்கே நின்றது. ஆனால் அதே வொட்டுக்கு இன்னொருவர் வைத்த தடையும் உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சக்கரச் சுழற்சியாக்க எளிய வழி வளைதண்டு. அதை இயந்திரத்தில் பாவிப்பதற்கு 1780-இல் பிக்கார்ட் என்பவர் உரிமை எடுத்துவிட்டார். வொட் காசு கட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அவருடைய பட்டறையில் சூரியனைக் கோள் சுற்றுவதுபோல ஒரு பல்சக்கரத்தை இன்னொன்று சுற்றும் பொறி பிறந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளைக் கேட்பேன்: இது தடையால் பிறந்த கண்டுபிடிப்பா, தடையில்லாவிட்டால் தேவையே இல்லாத வீண்வேலையா? இருபது வருடம் கேட்டும் எனக்கே விடை வரவில்லை. பிக்கார்டின் உரிமை முடிந்ததும் எல்லோரும் வளைதண்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

உங்கள் போனிலும் அதுதானே நடந்தது? ரப்பர்போலத் திரும்பும் திரைக்கு வழக்கு வந்ததும் சம்சுங் போன்களில் விளிம்பில் ஒரு நீல ஒளி வந்தது. மகன் வாங்கித் தந்த போனில் அதைப் பார்த்துவிட்டு, என்ன அழகாக யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சட்டத்தரணிக்குப் பயந்து போட்ட விளக்கு என்று.

ரைட் சகோதரர்கள் கதை இன்னும் மோசம். 1906-இல் காப்புரிமை எடுத்து எல்லோர் மேலும் வழக்கு. அமெரிக்காவில் விமானம் செய்வதைவிட வழக்காடுவது கூட நடந்தது. 1917-இல் உலக யுத்தத்துக்கு விமானம் தேவைப்பட்டபோது அரசாங்கம் தலையிட்டு, எல்லாக் காப்புரிமைகளையும் ஒரே பெட்டியில் போட்டுப் பொதுவாகப் பாவிக்க வைத்தது. அந்தப் பெட்டிக்கு முன்னோடி 1856-இல் தையல் மெஷின்காரர் போட்ட பெட்டி. ஒரு ஊசி, ஒரு நூல், அதற்கே அத்தனை வழக்கு.

சும்மா வந்தவன்

சேர், உங்கள் பெயரைப் பார்த்ததும் எங்கள் வேலியைத் தாண்டி வந்து பயற்றங்கன்றைத் தின்றது நீங்கள்தானோ என்று நினைத்தேன்.

உவர்மலை மான்

மானுக்கு வேலி தெரியாது தம்பி. கன்றுக்குத்தான் தெரியும்.

சட்டப்புத்தகம்

வேலி என்று சேர் தொடங்கியதால் சொல்கிறேன். எங்கள் ஊர் நீதிமன்றத்தில் காணி வழக்குகளைப் பார்க்கிறபோது எனக்கு இந்தப் போன் சண்டைதான் ஞாபகம் வரும். ஒருவர் கதியாலை ஒரு முழம் தள்ளி நடுவார். மற்றவர் வழக்குப் போடுவார். பத்து வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு முழத்தின் விலையைப்போலப் பல மடங்கு இரண்டு பக்கமும் செலவழிந்திருக்கும். அதனால் இப்போது விவரமானவர்கள் வேறு வேலை செய்கிறார்கள், வழக்கு வரமுதலே பக்கத்துக் காணியை வாங்கிப் போடுகிறார்கள்.

2011-இல் நோர்ட்டெல் என்ற கனேடியக் கொம்பனி முறிந்து அதன் ஏறக்குறைய 6,000 காப்புரிமைகள் ஏலத்துக்கு வந்தன. அப்பிள், மைக்ரோசொஃப்ட், சோனி, எரிக்சன் எல்லாம் ஒரு கூட்டாகச் சேர்ந்து 4.5 பில்லியன் டொலருக்கு வாங்கின. ஏலத்தில் தோற்ற கூகுள் அந்த ஆகஸ்டிலேயே மொட்டோரோலாவின் போன் பகுதியை 12.5 பில்லியனுக்கு வாங்குகிறோம் என்றது. அதில் 17,000 காப்புரிமை. 2014-இல் போன் தொழிலை லெனோவோவுக்கு 2.91 பில்லியனுக்கு விற்றுவிட்டுக் காப்புரிமையில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மாட்டை விற்றுக் கயிற்றை வைத்துக்கொண்ட வியாபாரம்.

கயிறு சும்மா இல்லை. அண்ட்ரொயிட் கூகுளுடையது, ஆனால் அதில் எங்கள் காப்புரிமை இருக்கிறது என்று சொல்லி மைக்ரோசொஃப்ட் போன் செய்கிறவர்களிடம் கட்டணம் வாங்கியது. சம்சுங் ஒன்று மட்டும் 2013 நிதியாண்டில் ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கட்டியது. அந்தக் காலத்தில் மைக்ரோசொஃப்டின் சொந்தப் போனை யார் வைத்திருந்தார்கள் என்று வைத்தியர் அண்ணையிடம் கேளுங்கள்.

போன் வைத்தியர்

மூன்று பேர். மூன்று பேரும் இரண்டாம் முறை வரவில்லை.

அது கிடக்கட்டும். என் நெஞ்சில் கிடக்கிற ஒன்றைக் கேட்கிறேன். ஒரு கொம்பனியின் போனுக்கு டிஸ்பிளே மாற்றினேன். உடைந்த இன்னொரு போனிலிருந்து கழற்றிய அசல் டிஸ்பிளே, சைனா மால் இல்லை. பூட்டி இயக்கினால் "இது அசல் பாகம் என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்று எழுத்து வருகிறது. வாடிக்கையாளர் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். இதுவும் பேட்டன்ட்தானே? இப்படியே போனால் எங்கள் தொழிலே இல்லை.

சட்டப்புத்தகம்

இல்லை அண்ணை, இது வேறு நோய். ஒரு பொருளை உரிமைக்காரரே விற்றுவிட்டால், அந்தப் பொருளின் மேல் அவருக்கிருந்த காப்புரிமை அதோடு தீர்ந்தது என்பது பல நாடுகளில் உள்ள கொள்கை. பிரின்டர் மைப் பெட்டியைத் திரும்ப நிரப்பி விற்ற ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-இல் இதை அழுத்தமாகவே சொன்னது. நீங்கள் கழற்றிப் பூட்டிய அசல் டிஸ்பிளேக்குக் காப்புரிமை வைத்து உங்களைப் பிடிப்பது கஷ்டம். உங்களை மறிப்பது மென்பொருள். டிஸ்பிளேயின் இலக்கத்தையும் போர்டின் இலக்கத்தையும் கொம்பனி சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறது. அதற்குக் காப்புரிமையும் தேவையில்லை, இருபது வருடத்தில் முடிகிற கணக்கும் இல்லை.

அசல் இல்லாத டிஸ்பிளே என்றால் கதை வேறு. 2022 டிசம்பரில் சம்சுங் டிஸ்பிளே, திருத்துகிறவர்களுக்கு விற்கும் மாற்றுத் திரைகள் தன் காப்புரிமையை மீறுகின்றன என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுக்குப் போனது. அங்கே வழக்கில் மாட்டியது மொத்தமாக இறக்குமதி செய்கிற கொம்பனிகள். ஸ்குரூட்ரைவர் பிடித்தவரை ஒருவரும் தேடி வருவதில்லை. ஆனால் மால் வராவிட்டால் ஸ்குரூட்ரைவருக்கு என்ன வேலை?

போன் வைத்தியர்

மென்பொருளால் முடிச்சுப் போடுவதற்கு முடிவே இல்லை என்றால், பேட்டன்ட் பரவாயில்லைபோல. அதற்காவது சாகும் திகதி உண்டு.

சீனக்குடாக் காற்று

இதைத்தான் நான் சொல்ல வந்தேன்! காப்புரிமைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: கண்டுபிடித்ததை எல்லோரும் படிக்கும்படி எழுதிக் கொடு, பதிலுக்கு இருபது வருடம் உனக்கு. அது இல்லாவிட்டால் எல்லோரும் இரகசியமாகப் பூட்டி வைப்பார்கள். ஆனால் நானாவுக்கும் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். இருபது வருடம் மருந்துக்குச் சரியாக இருக்கலாம். போனில் இருபது வருடம் என்றால் ஏழெட்டுப் பரம்பரை. பூட்டைத் திறக்க விரலால் இழுப்பது ஒரு கண்டுபிடிப்பா? ஸ்வீடனில் நியோனோட் என்ற சின்னக் கொம்பனி ஐபோனுக்கு முதலே திரையில் இழுத்துத் திறந்தது. ஜெர்மனியின் மேல் நீதிமன்றம் 2015-இல் அப்பிளின் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. அமெரிக்காவில் அதே சங்கதி செல்லும் என்றார்கள். அது உட்பட மூன்று காப்புரிமைகளுக்காகச் சம்சுங் கட்ட வேண்டியது 119.6 மில்லியன் டொலர், 2017 நவம்பரில்தான் கடைசிக் கதவு சாத்தியது. அதற்கு ஒரு வருடத்துக்கு முதலே அப்பிள் தன் போனில் இழுத்துத் திறப்பதைக் கைவிட்டுவிட்டது.

கிண்ணியாப் பாலம்

பார்த்தீர்களா, வீட்டுக்காரரே வீட்டை இடித்துவிட்டார், வாடகை வழக்கு மட்டும் நடக்கிறது.

நிலாவெளி வலை

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். பெரிய கொம்பனிகளின் கதைக்குள் என் சின்னக் கேள்வியைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

அப்பா கடலுக்குப் போகிறவர். இரவில் வலையை விட்டுவிட்டுப் பைபர் படகில் காத்திருப்பார்கள். நீரோட்டம் மாறினால் வலை எங்கே போனது என்று விடியும்வரை தேடல், மண்ணெண்ணெய்க் காசு வேறு. நான் வலையின் மிதவைக்குள் வைக்கிற ஒரு சின்னக் கருவி செய்தேன். ஜிபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதை எப்போதும் இயக்கினால் பற்றரி நிற்காது. அதனால் மிதவை ஆடும் விதத்தை வைத்து, வலை நகரத் தொடங்கியதும் மட்டும் விழித்து ரேடியோவில் இடத்தை அனுப்பும். படகில் உள்ள போனில் அம்புக்குறியாகக் காட்டும். ஒரு சார்ஜில் பதினோரு இரவு போனது.

எட்டு மாதத்துக்கு முன் கம்பஸ் கண்காட்சியில் வைத்தேன், பேஸ்புக்கிலும் வீடியோ போட்டேன். இப்போது கொழும்பில் ஒருவர் "நாங்கள் செய்து விற்கிறோம், உனக்கு ஏதாவது தருகிறோம்" என்கிறார். நான் பேட்டன்ட் எடுக்க வேண்டுமா, இல்லை அதெல்லாம் அப்பிள், சம்சுங்குக்குத்தானா?

சட்டப்புத்தகம்

தம்பி, உங்கள் கேள்விதான் இந்த இழையில் உருப்படியான கேள்வி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காப்புரிமைக்கு முதல் நிபந்தனை புதுமை. உலகத்தில் எங்காவது முதலே வெளியாகியிருந்தால் புதுமை போய்விட்டது, நீங்களே வெளியிட்டிருந்தாலும். இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதில் ஒரு கருணை காட்டுகிறது: விண்ணப்பக்காரரே வெளியிட்டிருந்தால், ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எட்டு மாதம் போய்விட்டது, நான்கு மாதம் மிச்சம். ஐரோப்பாவில் இந்தச் சலுகை இல்லை, அங்கே உங்கள் வாய்ப்பை அந்த வீடியோ ஏற்கெனவே முடித்துவைத்துவிட்டது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, "மிதவையில் ரேடியோ" என்று எழுதினால் தள்ளுபடி. ஆழ்கடலில் நீளத் தூண்டில் போடுகிற கப்பல்கள் எத்தனையோ காலமாக ரேடியோ மிதவை பாவிக்கின்றன. உங்களுடைய புதுசு, ஆட்டத்தைப் பார்த்து வலை நகர்வதை அறிந்து விழிப்பது. அதைச் சுற்றித்தான் எழுத வேண்டும். கணித முறை என்று எழுதினாலும் சட்டம் விலக்கிவிடும், கருவி வேலை செய்கிற விதமாக எழுதுங்கள்.

மூன்றாவது, இலங்கையில் எடுத்தது இலங்கைக்குள் மட்டும் செல்லும். இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வேறு நாடுகளில் அந்த முதல் திகதியைக் கோரலாம். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் காசு.

கிண்ணியாப் பாலம்

தம்பி, அக்கா சொன்னதைக் கேளுங்கள், ஆனால் ஒரு வியாபாரியின் கேள்வியும் இருக்கட்டும். நாளைக்கு அந்தக் கொழும்புக்காரரே உங்கள் சாமானைப் பார்த்துச் செய்து விற்றால் வழக்காட உங்களிடம் காசு இருக்கிறதா? வேலி போடுவது லேசு, காவல் இருப்பது கஷ்டம். என் கணக்கில் முதலில் ஐம்பது செய்து இங்கே, மூதூரில், புல்மோட்டையில் கொடுங்கள். மீனவர் ஒருவர் நல்லது என்று சொன்னால் அதைவிடப் பெரிய பத்திரம் இல்லை.

சீனக்குடாக் காற்று

இரண்டும் செய்யலாம் நானா. காப்புரிமையை வழக்காட மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. கையில் ஒரு விண்ணப்ப இலக்கம் இருந்தால் கொழும்புக்காரர் "ஏதாவது தருகிறோம்" என்று சொல்ல மாட்டார், எவ்வளவு என்று சொல்வார். குவல்கொம் செய்தால் வழிமறிப்பு, இந்தத் தம்பி செய்தால் கூலி. அதே சட்டம்தான், அளவு வேறு.

கிண்ணியாப் பாலம்

அந்த அளவைப் பற்றித்தான் நான் முதலிலிருந்து பேசுகிறேன்.

உவர்மலை மான்

தம்பி, செய்த நாளிலிருந்து குறிப்புக் கொப்பி வைத்திருக்கிறீர்களா? திகதி போட்டு?

நிலாவெளி வலை

இருக்கிறது சேர். அப்பா மீன் கணக்கு எழுதுகிற கொப்பியின் பின்பக்கம். ஒவ்வொரு இரவும் எத்தனை தடவை விழித்தது என்று திகதியோடு எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தில் அன்றைக்கு விழுந்த மீனும் இருக்கிறது.

வீடியோவை இப்போதே எடுத்துவிடுகிறேன். கண்காட்சித் திகதியையும் பார்த்தேன், நான்கு மாதத்துக்கு ஒன்பது நாள் குறைவு. அடுத்த கிழமை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ப் புலமைச் சொத்து அலுவலகத்தில் படிவம் எடுக்கிறேன். கொழும்புக்காரருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சட்டப்புத்தகம்

வீடியோவை எடுத்தாலும் வெளியான திகதி மாறாது, அதனால் படிவத்தில் மறைக்க வேண்டாம். போகமுதல் வரைபடங்களோடு ஒருநாள் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். காசு வேண்டாம், அப்பாவிடம் சொல்லி ஒரு நல்ல பாரை மீன் அனுப்பினால் போதும்.

போன் வைத்தியர்

மிதவைக்குள் உப்புத்தண்ணீர் போகாமல் என்ன போட்டிருக்கிறாய்? கடலில் விழுந்த போன் எத்தனை திறந்திருப்பேன், எங்கே பச்சை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளுக்குள் எப்படி அடுக்கியிருக்கிறாய் என்று ஒரு படம் எடுத்து இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.

சட்டப்புத்தகம்

அண்ணை!! படம் இங்கே வேண்டாம்!

போன் வைத்தியர்

ஐயோ, மறந்துபோனேன். தம்பி, சனிக்கிழமை பின்னேரம் கடைக்குக் கொண்டு வா. கதவைச் சாத்திவிட்டுத் திறப்போம்.

சும்மா வந்தவன்

நானும் வரலாமா? மூலை வளைவா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன்.